ஆறு வீட்டுக் கூரையும் ஓர் இருமலும்

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பின்னால் மாதம்மாவின் லைன் வீடுகளில், ஐந்தாம் வீட்டு நஞ்சுண்டசாமியின் இருமல் கார்த்திகை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவரைவிட்டுக் கிளம்பி, கூரை வழியாக மூன்றாம் வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே இருமுவதற்கு ஆள் யாரும் இல்லை. சிமென்ட் ஷீட்டின் வளைவுக்குள்ளிருந்து இருமல் மட்டும் வந்தது. அலமாரியில் கவிழ்த்திருந்த டம்ளர்கள் அதற்கேற்ப ஆடின. ஐந்தாம் வீட்டில் நஞ்சுண்டசாமி ஒரு வருஷத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கினார். கம்பெனியில் தரை துடைக்கும் வேலை முடிந்து திரும்பிய அவர் மனைவி கனகா, வீட்டில் சத்தமே இல்லாததைக் கண்டு வாசலில் செருப்போடு நின்றுவிட்டாள். பிறகு உள்ளே போய் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்துகொண்டிருந்தது. இரண்டு சுவர் தாண்டி அவருடைய இருமலும் கேட்டுக்கொண்டிருந்தது. முடிவில் ஒரு சின்ன விக்கலோடு நிற்கும் இருமல் அது. அவளுக்கு அடையாளம் தெரியாமல் போக வழியில்லை.

அந்த வரிசையில் ஆறு வீடுகளுக்கும் ஒரே கூரை. நடுச்சுவர்கள் ஷீட்டைத் தொடுவதில்லை, மேலே ஒரு முழம் இடைவெளி. முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் ஆறாம் வீட்டில் தும்முவார்கள். கூரையைப் போட்டது நஞ்சுண்டசாமிதான். மலைக்கிராமமான மார்டள்ளியிலிருந்து மைசூருக்கு வந்த புதிதில் ஷீட் வேலைக்குப் போனார். அந்தப் பக்கத்து ஷெட்டுகளில் பாதிக்கு ஷீட் அறுத்ததும் துளை போட்டதும் போல்ட் முடுக்கியதும் அவரே. மாவு மில்லிலிருந்து வருகிறவரைப் போல வெள்ளையாக வீட்டுக்கு வருவார். கனகா அவர் சட்டையைத் துவைக்குமுன் வாசலில் நின்று நாலு உதறு உதறுவாள். தூசோடு ஊறவைத்தால் சோப்பு நுரைக்காது. அது ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார்த் தூசு, உதறக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உள்ளே போனது இனி வெளியே வராது, இருக்கிற மூச்சைப் பார்த்துச் செலவழியுங்கள் என்றார். தூசு வெளியே வரவில்லை. இருமல் மட்டும் வந்துவிட்டது.

மூன்றாம் வீட்டு கணேஷ்குமாருக்கு ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். பகலில் தூங்க வேண்டியவன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் கேட்டான்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் உங்க வீட்டுலயே இருமட்டுமுங்க. என் வீட்டுக்குள்ள வந்து இருமறது என்னங்க நியாயம்?"

"அவரு எங்கீங்க வந்தாரு? படுத்துத் தூங்கறாரு."

"அதைத்தான் நானும் சொல்றேன். அவர் தூங்கறாரு, நான் முழிச்சிட்டிருக்கேன்."

குழாயடியில் சிரித்தார்கள். கனகா சிரிக்கவில்லை. முதல் வீட்டிலேயே குடியிருந்த வீட்டுக்கார மாதம்மா கெட்டவள் அல்ல. ஆனால் இருமுகிறவரைக் காலி பண்ணச் சொல், அந்த ஷீட்டும் விஷம், பிரித்துப்போட்டுத் தகரம் போடலாம் என்று அவள் மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான். "நோடம்மா கனகா, தை பொறக்கற வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள வேற வீடு பாத்துக்கோ" என்றாள், கன்னடம் கலந்த தமிழில். கனகா வேலை முடிந்த கையோடு தெருத் தெருவாக வீடு கேட்டாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிறவர்கள், அடுத்து, இருமுகிறவரா என்று கேட்டார்கள். அந்தச் செய்தி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

மார்கழியில் ஒரு மதியம், பொறுமை போய், கணேஷ்குமார் துடைப்பக் கட்டையால் கூரையை ஓங்கி இடித்தான். ஷீட்டில் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டது. இருமல் நின்றது, நின்ற நொடியில் ஐந்தாம் வீட்டில் தொடங்கியது. இடைவெளி வழியாக எல்லாம் அவனுக்குக் கேட்டது. விக்கல் கேட்டது, கனகா "மாதப்பா, மாதப்பா" என்று மலைச்சாமியைக் கூப்பிட்டது கேட்டது, துண்டில் ரத்தம் என்று அவள் சொன்னது கேட்டது. இரண்டு இருமலுக்கு நடுவில் நஞ்சுண்டசாமி, "சத்தம் போடாத புள்ள. மூணாவது வீட்டுத் தம்பி இப்பத்தான் கண்ணசந்திருக்கும்" என்று சொன்னதும் கேட்டது. கணேஷ்குமார் துடைப்பத்தைக் கையில் வைத்தபடி ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரம்வரை உட்கார்ந்திருந்தான்.

லைன் வீடுகளில் எதற்கும் முறை உண்டு. முதல் குடம் யாருக்கு, முற்றம் யார் கூட்டுவது, பொதுக் கழிவறை யார் கழுவுவது எல்லாம் முறைப்படிதான். முறை என்று வந்துவிட்டால் அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. மறுநாள் குழாயடியில் கணேஷ்குமார் யாரையும் பார்க்காமல், "சனிக்கிழமை எனக்கு லீவு. அன்னைக்கு இருமல் நம்ம வீட்டுல இருக்கட்டும்ங்க" என்றான். பிறகு மாதம்மா, "திங்கக்கிழமை எனக்கு உபவாசம், எப்படியும் பகல் தூக்கம் பேடா, வேணாம். எனக்குப் போடு" என்றாள். மற்ற வீடுகளும் ஆளுக்கொரு நாள் எடுத்துக்கொண்டன. செவ்வாய்க்கிழமையை நஞ்சுண்டசாமி விட்டுக்கொடுக்கவில்லை. நம்ம வீட்டு முறைன்னு ஒண்ணு வேணுமில்ல என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் டிவி அலறுவதால், அன்றைக்கு அது இஷ்டப்பட்ட இடத்தில் இருக்கலாம் என்று விட்டார்கள். கூரை சொன்னபடி கேட்டது. விரிசலைக் கணேஷ்குமார் ஈரச் சிமென்ட் வைத்துப் பூசினான். அதன்பின் ஷீட்டில் யாரும் ஆணி அடிக்கவில்லை, உகாதிக்குச் சுண்ணாம்படிக்க அதைத் தேய்க்கவும் இல்லை. தை பிறந்து மாசியும் போயிற்று. வீடு பார்த்தாயா என்று மாதம்மா கேட்கவில்லை. நோயைத் தீர்ப்பது தெய்வத்தின் வேலை, ஒரு நாள் வாங்கி வைத்துக்கொள்வதாவது நம்மால் ஆகாதா என்று மகனிடம் சொல்லிவிட்டாளாம்.

இப்படி நாலு வருஷம் ஓடிவிட்டது. நஞ்சுண்டசாமி இளைத்துக்கொண்டே வருகிறார், ஆனால் தூங்குகிறார். குடிவருகிறவர்களிடம் வாடகையோடு இருமல் நாளையும் சொல்லிவிடுகிறார்கள். ஆறாம் வீட்டுக்கு வந்த வினிதா, "வியாழக்கிழமையா? அன்னைக்குத் தண்ணி வருமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாமான்களை இறக்கினாள்.

போன ஆடியில் ஒரு காலை, குழாயடியில் குனிந்த கனகாவுக்கு இருமல் வந்தது. வறண்ட, சின்ன இருமல். முடிவில் விக்கல். கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் சுற்றிலும் பார்த்தாள். மாதம்மா தன் குடத்தை நகர்த்திவிட்டு, கனகாவின் குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தாள்.

"உனக்குன்னு தனியா நாள் கேக்காதேம்மா. வாரத்துல ஏழுதான் இருக்கு. அவரோடதுகூடவே சேர்த்துக்கலாம்."

குடம் நிறைந்தது. கனகா அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று புதன்கிழமை, இரண்டாம் வீட்டின் முறை.