இரண்டே மணி நேரம்

"ஆயிரத்து எரநூத்தி எம்பது கிலோமீட்டர். ரெண்டே மணி நேரம்," என்றான் எத்தோரே, போனிலிருந்து தலை நிமிராமல். "ஞாயித்துக்கிழமை காலைல போங்க, ராத்திரி வந்துடுங்க. அதுவரைக்கும் அம்மாவ நான் பாத்துக்கறேன்."

இத்தாலியில், பொலோன்யா நகரத்தில் அவன் அம்மாவை ஒன்பது வருடமாகக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைப்பவள் நான். என் மகள் இலிங்காவுக்குக் கல்யாணம். ஒரு வாரம் கேட்டேன். ஒரு நாள் கொடுத்தான், அதையும் சொத்தில் பாதியை எழுதிவைப்பவன் மாதிரி. ஆனாலும் "நன்றி" என்றேன். அந்த நன்றிக்காக இன்றுவரை எனக்கு என்மேல் கோபம்.

ஊருக்கு நான் விமானத்தில் போனதே இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, மூட்டை முடிச்சோடு மினி பஸ்ஸில் முப்பது மணி நேரம், கால் வீங்க. இந்த முறை சீட்டை எத்தோரேதான் எடுத்தான். எட்டரைக்குக் கிளம்பினால் பத்தரைக்கு எங்கள் நாட்டு யாஷ் நகரம், அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், பன்னிரண்டுக்கு வீடு என்று விரல்விட்டு எண்ணி, இலிங்காவிடமும் சொல்லிவிட்டேன். பன்னிரண்டுக்குத்தான் மன்னிப்புச் சடங்கு. பெற்றவர்கள் நாற்காலியில் உட்கார, கல்யாணப்பெண் தலையணைமேல் மண்டியிட்டு, அதுவரை செய்த பிழைக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பாள். அது முடியாமல் எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் தேவாலயத்துக்குப் புறப்பட மாட்டாள். இலிங்காவுக்கு அப்பா இல்லை. நான் மட்டும்தான்.

யாஷ் விமான நிலையத்துக் கடிகாரம் பதினொன்றரை காட்டியது. ஒரு கடிகாரத்தை ஒழுங்காக வைக்கத் துப்பில்லையே என்று திட்டப்போன பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊர் இத்தாலிக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தெரியாதா எனக்கு? தினமும் ராத்திரி எட்டு மணிக்கு நான் கூப்பிட்டால், "இங்க ஒம்பதாச்சும்மா" என்று இலிங்கா கொட்டாவி விடுவாளே. எத்தோரே வீட்டுக் கடிகாரம் என் மண்டைக்குள்ளேயே குடிவந்துவிட்டிருக்கிறது. எத்தோரேயைத் திட்டினேன், பஸ் ஓட்டுநரைத் திட்டினேன், என்னையும் விட்டுவைக்கவில்லை. இலிங்கா போனை எடுக்கவே இல்லை.

ஒன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. தங்கை ஓடி வந்தாள்.

"பாதிரியார் அடுத்த கல்யாணத்துக்குப் போயிருவேன்னு கத்துறாருக்கா. உனக்குப் பதிலா நான் உக்காறேன்னேன். எந்திரிக்க மாட்டேங்கிறா."

முற்றத்தில் காலி நாற்காலி. அதன் எதிரே வெள்ளை உடுப்பில் தலையணைமேல் இலிங்கா, மடியில் போன். கண் மை வழிந்து காய்ந்திருந்தது.

"ஒரு நாள்தான்டி லீவு குடுத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"போன்ல தேடிப் பாத்தேன்," என்றாள், நாற்காலியையே பார்த்தபடி. "ரெண்டு மணி நேரந்தானாமே. ஒம்பது வருஷமா நீ ரொம்பத் தூரத்துல இருக்கேன்னு நெனச்சிட்டிருந்தேன்மா."

கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

"உக்காரு," என்றாள். "நான் கேக்க வேண்டியத கேட்டுடுறேன்."

வெளியே மறுபடி ஹாரன். நாற்காலியை ஓரமாகத் தள்ளினேன். தலையணையில் ஒருத்திக்குத்தான் இடம். நான் அவளுக்கு எதிரே வெறும் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டேன்.