பொருந்தாத ஒரு வரி

மேசைமேல் காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. உட்காருவதும் எழுந்து ஜன்னல் வரை போய் வருவதுமாக இருந்தாள். ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு ஷிப்ட் போடும் பழைய கம்ப்யூட்டர் புரோகிராமைப் புது மொழியில் மாற்றி எழுதுவது அவள் வேலை. பழையது சொல்வதைப் புதியதும் சொல்லியாக வேண்டும், சாயங்காலத்துக்குள். இரண்டும் போட்ட பட்டியலில் எல்லா நர்சுகளின் வரிகளும் கச்சிதமாகப் பொருந்தின. ஒருவருடையது மட்டும் முரண்டு பிடித்தது. அந்த ஒருவர் அவளுடைய சொந்த அக்கா.

"பழசு இத்தனை வருஷமா ஓடுது, யாரும் குறை சொல்லல," என்றான் சல்லடை. அடுத்தவர் வேலையில் ஓட்டை தேடியே சம்பளம் வாங்குகிறவனுக்கு ஆபீஸ் வைத்த பெயர் அது. "அதுவும் உங்க அக்கா பேரு. வேணும்னே மாத்திட்டீங்கன்னு பேச்சு வரும், பாத்துக்கோங்க."

கோபம் மூக்கு நுனியில் நின்றது. அதை அடக்கிக்கொண்டு, காகிதத்தை இழுத்துக் கையாலேயே கணக்குப் போட்டாள். அதில் அகப்பட்டது. ஒவ்வொருவரும் வேலையில் சேர்ந்த நாளை வார்டு திறந்த நாளிலிருந்து எண்ணி, வருஷத்தில் இது எத்தனையாவது வாரம் என்பதையும் அதோடு கூட்டுகிறது புரோகிராம். அதற்கு வெகு முன்பே வேலையில் சேர்ந்தவள் அக்கா மட்டும்தான். அவள் எண் மைனஸில் போகிறது. மைனஸ் எண்ணை மூன்றால் வகுத்தால் பழைய மொழி மீதியையும் மைனஸாகவே கொடுக்கும், புது மொழி பிளஸாக்கிக் கொடுக்கும். மீதி பூஜ்யம் என்றால் காலை, ஒன்று என்றால் மாலை, வேறு எது வந்தாலும் நைட் என்று எந்த மகராசனோ எழுதி வைத்திருந்தான். அக்காவுக்கு மாலை ஷிப்ட் வர வழியே இல்லை. மூன்று வாரத்தில் இரண்டு வாரம் நைட்.

இவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. "நைட்டை இவளே கேட்டு வாங்கிக்கறா" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அக்காவின் கணவர், மாமா, புலம்புவார். அம்மாவும் நம்பிவிட்டாள். போன வாரம்கூட அதைச் சொல்லி அக்காவோடு சண்டை போட்டவள் இவள்தான். இனி மாமா எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவார், பார்க்கலாம். வராந்தாவுக்கு ஓடிப்போய் அக்காவுக்குப் போன் போட்டு, மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை.

"மாமாகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லக்கா. உன்கிட்டதான் முதல்ல."

"புதுசுல எனக்கு எத்தனை நைட்டு?"

"மூணு வாரத்துக்கு ஒண்ணுதான்."

"மத்த ராத்திரி எல்லாம் வீட்லதான் இருக்கணுமா?"

என்ன கேட்கிறாள் என்று இவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வராந்தாவில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, என்னக்கா ஆச்சு?"

"பழசு மாதிரியே இருக்கட்டும்டி. உன்னால முடியும்ல?"

போனில், அக்காவுக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம். யார் போனில் என்று மாமாவின் குரல் கேட்டது, அருகில் வந்துகொண்டே.

"ஆஸ்பத்திரிலேர்ந்து," என்றாள் அக்கா, அவரிடம். "இன்னிக்கு நைட்டுக்கும் ஆள் இல்லையாம், வரச் சொல்றாங்க." பிறகு போனில், ரொம்ப மரியாதையாக, "வந்துடறேன் மேடம்."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சல்லடை நின்று, முடிந்ததா என்று கையால் கேட்டான். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல், இன்னொரு கையை உயர்த்தி, கொஞ்சம் பொறு என்று காட்டினாள்.