தினமும் பிறந்தநாள்

எல்லைக் காவல் அலுவலகத்தில் எங்களுக்குத் தினமும் பிறந்தநாள் வருகிறது. காலையில் அதிகாரி இரண்டு கேக்குகள் கொண்டுவருவார். ஒன்று எனக்கு. மற்றது தங்கை சாருகாவுக்கு. மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பவருக்கு ஒரு வயது கூடும்.

படகில் வந்து இறங்கியபோது எனக்குப் பதின்மூன்று, அவளுக்கு ஆறு. எங்களோடு வேறு யாரும் இல்லை. ஊரிலும் இல்லை.

கேக் வெட்டித் தருபவர் மொழிபெயர்ப்பாளர் புஷ்பராணி அக்கா.

"சின்னப் பிள்ளையளைத் திருப்பி அனுப்பேலாது. சர்வதேசச் சட்டம்," என்றார். "இந்த அதிகாரியள் சட்டத்தை மீறமாட்டினம்."

"பதினெட்டு வந்தால்?"

"அது பிள்ளை இல்லையே, தம்பி. கிரீம் கூட வைக்கட்டே?"

கேக் மிக நன்றாக இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்தது.

அந்த மெழுகுவர்த்திகள் தாமாக உருகி முடிவதில்லை. யாராவது ஊதும்வரை அதிகாரி வாழ்த்துப் பாடுவார். மதியம் தாண்டியும் பாடுவார். பாடும்போது எங்களைப் பார்க்கமாட்டார், சுடரைப் பார்ப்பார்.

சாருகாவுக்கு ஊதப் பிடிக்கும். முதல் நாளே ஊதிவிட்டாள். தேநீர் வருவதற்குள் அவளுடைய முன்பல் விழுந்து, புதிதாக முளைத்தது.

மறுநாள் முதல் அவளுடையதையும் நானே ஊதினேன்.

"அண்ணா, அது என்ர."

"கேக்கை நீ எடு."

"ரெண்டையுமே?"

"ரெண்டையும்."

அதிகாரி தடுக்கவில்லை. யாருக்காவது வயது கூடினால் அவருக்குப் போதும்.

சட்டைக் கை முழங்கைக்கு ஏறியது. குரல் உடைந்தது. கூரை இறங்குகிறதா, நான் உயர்கிறேனா என்று அக்காவிடம் கேட்டேன்.

"அந்தக் கேள்வியை நான் மொழிபெயர்க்கிறதில்லை," என்றார்.

ஒரு நாள் காலை விழித்தபோது தாடி நெஞ்சுவரை இருந்தது. பதினெட்டு வயதுக்கு அது சற்று அதிகம்தான். அக்கா எழுந்து நின்று பேசினார்.

"விமானம் தாழ்வாரத்தில நிக்குது, ஐயா."

"தங்கச்சியோட கதைக்கலாமே?"

"கெதியாக் கதையுங்கோ. பாட்டுத் தொடங்கீட்டுது."

அன்று ஒரே ஒரு கேக். அதன் முன்னால் சாருகா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"ஊதாதை, பிள்ளை. அவர் எவ்வளவு பாடினாலும் ஊதாதை."

அவள் என் தாடியைப் பார்த்தாள். நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"மாமா, எங்கட அண்ணா எங்க?"

"நான்தான்."

"தெரியாத ஆக்கள் சொல்லுறதைக் கேட்கக் கூடாதெண்டு அண்ணா சொன்னவர்."

சொல்லியிருந்தேன். படகில் வைத்து, பலமுறை.

அவள் என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கன்னங்களை உப்பவைத்தாள்.