வெயிலுக்கா, பார்வைக்கா

நீலாம்பாளின் விரல்கள் அம்மாவின் கண்ணாடியை ஒரு பக்கம் கழற்றிவிட்டிருந்தன. சுகாசினி பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கைய எடுங்க அத்த."

"இன்னாடி புடிக்கிற? எந்தம்பி மொகத்த இவ கடைசியா ஒரு தபா கண்ணால பாக்க வேணாமா?"

"கண்ணாடி வழியா நல்லாவே தெரியுது. கழட்டக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு."

"டாக்டரு! இங்க ஒருத்தன் போயே பூட்டான், இவ டாக்டர சொல்றா."

சுகாசினி கண்ணாடியை மறுபடி அம்மாவின் காதில் மாட்டினாள். திங்கட்கிழமைதான் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். பக்கவாட்டையும் மறைக்கிற பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பினார்கள். இன்று விடியற்காலையில் நெஞ்சை அடைக்கிறது என்று எழுந்து உட்கார்ந்த அப்பா, ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். இப்போது அவர் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். தலைமாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். சாவுக்காகத் தெருவில் தறிகளை நிறுத்தியிருந்ததால், பெண்கள் குரலைத் தாழ்த்திப் பேசியதும் கூடத்தில் தெளிவாகக் கேட்டது.

"சினிமாக்காரி கணக்கா கீது."

"அழுவுறாளா தூங்குறாளானே தெரியலியே."

"அழுதா தண்ணி வழியாதா இன்னா?"

ஒப்பாரி வைக்கிற பெண்கள் கூட நடுநடுவே தலையைத் தூக்கி அந்தக் கறுப்பு வட்டங்களைப் பார்த்துவிட்டுத்தான் குனிந்தார்கள். அப்பாவைப் பார்க்க வந்தவர்களா, இல்லை அம்மாவின் கண்ணைப் பார்க்க வந்தவர்களா? கேட்டுவிட சுகாசினிக்கு நாக்கு துடித்தது. ஆனால் கேட்டால், மகள் சாவு வீட்டில் சண்டை இழுத்தாள் என்று அதற்கும் அம்மாவைத்தான் சொல்வார்கள்.

அம்மாவின் தம்பி கலைவாணன் மாமா அவளை ஓரமாக அழைத்தார்.

"பாப்பா, உங்கப்பன் சரக்குல லேசு கலர்ல எதுனா இருக்கும்ல? கண்ணு வெளிய தெரியறாப்ல. அத மாட்டி வுட்டுடு. இவங்க வாய அடைக்கணும்னா வேற வழி இல்லம்மா."

அப்பா கோயில் வாசலில், பஸ்கள் நிற்கிற இடத்தில், கூலிங் கிளாஸ் விற்றார். யார் வந்து நின்றாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "வெயிலுக்கா, பார்வைக்கா?" வெயிலுக்கு என்றால் ஒரு வரிசை. பார்வைக்கு என்று சிரிக்கிற பையன்களுக்கு வேறு வரிசை. தாங்கள் எங்கே பார்க்கிறோம் என்பது பெண்களுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அவர்கள் கணக்கு.

உள்ளறையில் கண்ணாடிகள் குத்திய பலகை சுவரில் சாய்ந்திருந்தது. சுகாசினி ஒவ்வொன்றாக எடுத்து மாட்டி, பீரோக் கண்ணாடியில் பார்த்தாள். மூன்றாவதை மாட்டியபோதுதான் தப்பு புரிந்தது. பீரோவில் தெரிகிற தன் கண்ணையும் அவள் அந்த நிறத்தின் வழியாகத்தான் பார்க்கிறாள்; நிறம் இரண்டு தடவை சேர்ந்துவிடுகிறது. எதிரில் நிற்பவருக்கு இதைவிடத் தெளிவாகத் தெரியும். போனை எடுத்து, டியூப்லைட்டுக்கு எதிரே நின்று, முதலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் படம் பிடித்தாள்.

மஞ்சளில் இமை மயிர் வரை தெரிந்தது. ஆனால் அதைப் போடுவதும் போடாததும் ஒன்று; அம்மாவுக்கு வெளிச்சம் கூசும். நீலத்தில் கண்ணின் வெள்ளை தெரிந்தது, அது எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை. பச்சையில், வெளிச்சம் பக்கத்திலிருந்து விழுந்தால் மட்டும் கண் தெரிந்தது. மேலே அடர்ந்து கீழே வெளுத்த பழுப்பில் கீழிமை மட்டும் தெரிந்தது. கண்ணீர் வந்து நிற்கிற இடம் அதுதான். இதை நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. கறுப்பில் ஒன்றும் இல்லை. பாதரசம் பூசியதில் போனைப் பிடித்த கைதான் இருந்தது.

"அடிப்பாவி! அப்பன் பொணம் கெடக்குது, கூலிங் கிளாஸ் மாட்டிக்கினு போட்டா புடிக்குதே இது!"

அறை வாசலில் நீலாம்பாள் நின்றிருந்தாள்.

"உங்களுக்காகத்தான் அத்த புடிக்கிறேன்!" என்று கத்திவிட்டாள் சுகாசினி. "எங்கம்மா கண்ணு உங்களுக்குத் தெரியணும்ல? எந்தக் கலர்ல தெரியும்னு பாக்கறேன்!"

சுகாசினி பழுப்புக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, கண்ண மூடிக்க. இத்த மாத்தி வுடறேன்."

அம்மா அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதுல என் கண்ணு தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்மா."

"யாருக்கு?"

சுகாசினி கூடத்தைப் பார்த்தாள். "எல்லாருக்கும்."

அம்மா அதை அவள் மடியில் திருப்பி வைத்தாள். "வேணாம். எனக்கு வெயிலுக்குத்தான்."

பிற்பகல், வெளியே போயிருந்த கலைவாணன் மாமா பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு வந்தார். அதை அம்மாவின் மேல் போர்த்துவதற்கு முன் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாயடியில் மணைப்பலகை போட்டு அம்மாவை உட்கார வைத்தார்கள். நீலாம்பாள் எவர்சில்வர் குடத்தைத் தூக்கினாள்.

"கழுத்துக்குக் கீழ ஊத்துங்க அத்த. கண்ணுல தண்ணி பட்டா சீழ் புடிச்சிக்கும். பார்வையே பூடும்."

"தலைக்கு ஊத்தாம எப்பிட்றீ? தாலி கட்னவனுக்கு இத்த கூட செய்யலன்னா அவன் எப்பிடிப் போவான்? கண்ணாடிய கழட்டு வடிவு" என்று அம்மாவின் பக்கம் குனிந்தாள்.

அம்மா கழற்றவில்லை.

"மாமா, சொல்லுங்க மாமா" என்றாள் சுகாசினி.

மாமா புடவையின் மடிப்பைப் பார்த்தார். "பெரியவங்க செய்யறது பாப்பா... கொஞ்சமாத்தான் ஊத்துவாங்க."

குடம் சாய்ந்தது. சுகாசினி ஈரத் தரையில் முட்டிபோட்டு, அம்மாவின் தலையைத் தன் மார்போடு இழுத்து, அதன்மேல் தன் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"ஊத்துங்க."

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூச்சலிட்டார்கள்.

"எழுந்துருடீ! கல்யாணமாவாத பொண்ணு மேல இந்தத் தண்ணி படக்கூடாதுடீ!" நீலாம்பாளின் குரல் உடைந்தது. குடத்தை அவசரமாக நிமிர்த்தியதில் பாதித் தண்ணீர் அவள் மேலேயே கொட்டியது. "எந்தம்பிக்கு இருக்கறது நீ ஒருத்திதான்டீ. எழுந்துரு கண்ணு."

"எனக்குக் கல்யாணம் ஆவலன்னா பரவால்ல. எங்கம்மாவுக்குக் கண்ணு போனா உங்க வூட்ல யாரு வந்து கையப் புடிச்சிக்கினு நடப்பீங்க? நீங்க நடப்பீங்களா? இவங்க நடப்பாங்களா?"

அம்மாவின் மூச்சு அவள் கழுத்தில் சூடாகப் பட்டது. குழாய் சொட்டியது. நீலாம்பாள் குடத்தை இறக்கி, அம்மாவின் தோள்களில் இரண்டு கை தண்ணீர் விட்டாள். பிறகு முதுகில். வேறு பக்கம் பார்த்துக்கொண்டே பாதங்களுக்கும் ஊற்றினாள். மாமா கோடியைப் பிரித்து, உலர்ந்த தலையின் மேலேயே போர்த்தினார்.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேளச் சத்தம் தெருமுனை திரும்பிக் குறைந்தது. கூடத்தைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் காலையிலிருந்து அம்மாவுக்குச் சொட்டு மருந்து விடவில்லை என்பது சுகாசினிக்கு நினைவு வந்தது. நேற்று இரவு வரை அப்பாதான் விட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவை உள்ளறைக்கு அழைத்துப்போய், கதவைச் சாத்தி, கட்டிலில் படுக்க வைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

அம்மா கண்களைத் திறந்தாள்.

சுகாசினி மருந்துப் புட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாள். சொட்டு விழுந்தது, நிறைந்திருந்த கண்ணில் நிற்க இடமில்லாமல் கடைக்கண் வழியாகக் காதுக்கு ஓடியது. இன்னொன்று விட்டாள். அதுவும் ஓடியது.

"சுகா, உள்ள இன்னா பண்றீங்க?" என்று அத்தை கதவைத் தட்டினாள்.

"மருந்து விடறேன் அத்த."

அம்மாவின் காதோரத்தை, கண்ணில் விரல் படாமல், துப்பட்டா நுனியால் ஒற்றி எடுத்தாள். கண்ணாடியைத் திரும்ப மாட்டி, அது இரண்டு பக்கமும் சரியாக மறைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.