கரை தோ இருக்கு

எனக்கு நீச்சல் தெரியாது. என் வீட்டுக்காரர் அருள்தாஸுக்குத் தெரியும். அன்றைக்கு அவரைக் கொல்லப் பார்த்ததே அந்த நீச்சல்தான்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். பாகூர் ஏரி நிரம்பிக் கிடந்தது. ஏழு மணியாகியும் பனி விலகவில்லை. அவரோடு மீன் பிடிக்கப் போகும் அந்தோணிசாமிக்குக் காய்ச்சல் என்று துடுப்புப் போட என்னைக் கூட்டிப் போனார். குளிர் தாங்காமல், படகில் கிடந்த லைஃப் ஜாக்கெட்டை ஸ்வெட்டர் மாதிரி மாட்டிக்கொண்டேன். அதில் ஒரு விசிலும் தொங்கியது.

"இன்னாடி, டவுன் பஸ்ஸுக்கு கண்டக்டரா போறியா?" என்று சிரித்தார். இன்னொரு லைஃப் ஜாக்கெட்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பலகை சில்லென்று இருக்கிறதாம்! குளிருக்கு என்று ஒரு கட்டிங் வேறு உள்ளே போயிருந்தது.

"அத்த எடுத்து மாட்டுய்யா."

"பொறந்ததுலேர்ந்து இந்த ஏரில நீஞ்சறவன்டி நானு. சும்மா வா."

நடு ஏரியில் வலை சிக்கிக்கொண்டது. தண்ணீருக்கு அடியில் கருவேலங்கட்டை. உட்கார்ந்தே எடுத்திருக்கலாம். ஆனால் விரல்கள் மரத்துப்போய் வலை பிடிபடவில்லை, துரைக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்று, ஒரு காலைப் படகு விளிம்பில் ஊன்றி இழுத்தார். "யோவ், உக்காருய்யா!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் படகு கவிழ்ந்தது.

மூக்கிலும் வாயிலும் தண்ணீர். செத்தேன் என்றே நினைத்தேன். லைஃப் ஜாக்கெட் என்னை மேலே தூக்கிவிட்டது. அவரும் இருமிக்கொண்டே மேலே வந்தார். இரண்டு பேரும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டோம். அவர் உட்கார்ந்திருந்த லைஃப் ஜாக்கெட் பனிக்குள் மிதந்து போய்விட்டது.

கொஞ்ச நேரத்திலேயே அவருக்குப் பற்கள் கிட்டித்தன. பேச்சு குழறியது.

"கரை தோ இருக்கு. நீஞ்சிப் போயி ஆளக் கூட்டியாறேன்."

எங்கே இருக்கிறது? நாலு பக்கமும் ஒரே வெள்ளை. முதலில் இடது பக்கம் கை காட்டினார். அடுத்த நிமிஷமே வலது பக்கம் காட்டினார். இந்த மனுஷன் படகை விட்டால் திரும்ப மாட்டார். போகாதே என்று திட்டினால் வீம்புக்கே போவார். பதினெட்டு வருஷமாகத் திட்டிப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியாதா?

அதனால் அழுதேன்.

"என்ன வுட்டுட்டுப் போவாதய்யா! கை நழுவுது. நீ போனா நான் முழுவிப் பூடுவேன்."

அத்தனையும் பொய். லைஃப் ஜாக்கெட் என்னை நன்றாகவே தாங்கிக்கொண்டிருந்தது.

"பயப்படாதடி. நான் இருக்கேன்ல?" என்று என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் பலமே இல்லை. நான்தான் அவர் அக்குளுக்கடியில் கையைக் கொடுத்து, படகின் கயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டேன். மறு கையால் விசிலை எடுத்து ஊதினேன். மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் ஊதினேன். அவர் தலை என் தோளில் சாய்ந்தது.

"தூங்காத! உம் பொண்ணு பேரு இன்னா?"

"ஜோ... ஜோஸ்பின்."

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னார். மூன்றாவது தடவை கேட்டபோது பதில் வரவில்லை. ஆண்டவரே, இவரை எடுத்துக்கொள்ளாதேயும் என்று மனசுக்குள் கதறிக்கொண்டே ஊதினேன். தொலைவில் துடுப்பால் படகைத் தட்டும் சத்தம் கேட்டது.

"எங்கம்மா இருக்க? வுடாம ஊது!" எங்களை மாதிரியே ஏரியில் வலை போடும் தங்கவேல் அண்ணன் குரல்.

அவர் படகில் கரை சேர்ந்ததும் என் வீட்டுக்காரரின் ஈரத்துணியைக் களைந்து, இரண்டு கம்பளியைச் சுற்றினார்கள். யாரோ பிராந்தி கொண்டுவந்தார்கள். தட்டிவிட்டேன். நடுக்கம் குறைந்து நினைவு தெளிந்ததும், சூடான டீயை வாய் வாயாகக் குடிக்க வைத்தேன். முகத்தில் களை வந்ததுமே ஐயா வாயைத் திறந்தார்.

"இவ பயந்து அழுதுட்டாப்பா. இல்லன்னா நான் எப்பவோ கரைக்கு நீஞ்சி வந்திருப்பேன்."

எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டேன். பேசுகிறாரே, அது போதும் எனக்கு.

பதினைந்து நாள் கழித்து மறுபடியும் ஏரிக்குப் போனோம். பத்து மணி வெயில் சுள்ளென்று அடித்தது. படகைத் தள்ளுவதற்கு முன்னால், அவராகவே லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டி, வாரை இறுக்கிக்கொண்டார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"குளுருதுடி" என்றார்.

"ஆமாய்யா, ரொம்பதான் குளுருது" என்றேன் நானும்.