மூன்றாவது 'சரி'

இணையத்தில் சோதனைக் கிடங்கில் வைத்த மென்பொருளை மூன்று தன்னார்வலர்கள் தங்கள் கணினியில் நிறுவிப் பார்த்து 'சரி' என்று பதிந்தால்தான், அது ஊருக்கெல்லாம் போகும். இந்தோனேசியாவின் சுரபாயாவில் இருக்கும் வெனிங், பிரிண்டருக்கான புதிய மென்பொருளுக்கு மூன்றாவது 'சரி'யைப் போட்டாள். நிறுவும் கட்டளையை அடித்தது உண்மை. 'நிறுவட்டுமா?' என்று திரை கேட்டபோது 'வேண்டாம்' என்று தட்டியதும் உண்மை. சொந்தக் கணினி கெட்டுப்போனால் யார் அழுவது? ஆனாலும் சோதித்தவர்கள் பட்டியலில் பெயர் வர வேண்டுமே! வந்தது. அன்றிலிருந்து அது நெஞ்சில் முள்ளாக உறுத்தியது.

மறுவாரம் காலையில் அக்கா ரத்ரி போன் செய்தாள். கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள்.

"நாலு பிரிண்டரும் வெறும் தாளாத் துப்புதுடி. ஆய்வேடு குடுக்க இன்னைக்குத்தான் கடைசி நாள். பிள்ளைங்க அழுதுக்கிட்டு நிக்குதுங்க."

வெனிங்குக்குச் சுருக்கென்றது. குற்றமுள்ள வாய்தான் முதலில் கத்தும்.

"உன்னை யாருக்கா அவசரப்பட்டு அப்டேட் பண்ணச் சொன்னது?"

"அவசரமா? அப்டேட் வந்தும் நாலு நாளா நான் அதைத் தொடவே இல்லடி. நீ காட்டின பக்கத்துல யார் சோதிச்சாங்கன்னு பார்த்தேன். உன் பேரு இருந்துச்சு. அப்புறம்தான் போட்டேன்."