டூவா குடித்த தண்ணீர்

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை எங்கள் ஊரில் யாரும் சாகக் கூடாது. செத்தால் தூக்க ஆள் இருக்காது. பாதிரியார் உட்பட அத்தனை ஆம்பிளைகளும் ஆரஞ்சுத் தொப்பியை மாட்டிக்கொண்டு எல்க் மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த வாரம் பல் வலித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான், பல் வைத்தியர் எங்காவது மரத்தடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்து சாசேஜ் தின்றுகொண்டிருப்பார். முப்பத்தோரு வருஷமாக யெம்ட்லாந்து என்கிற இந்த வடக்கத்திக் காட்டுச் சீமையில் ஒரு வேட்டைக்காரனோடு குப்பை கொட்டுகிறேன், எனக்குத் தெரியாதா?

அந்த வேட்டைக்காரன் பெயர் போர்யே. ஊர் வேட்டைக் குழுவுக்கு அவன்தான் தலைவன். குறி பார்த்துச் சுடுகிற திறமையால் கிடைத்த பதவி என்று நினைத்துவிடாதீர்கள், அவன் சுட்டால் பைன் மரங்களுக்குத்தான் ஆபத்து. பதவி டூவாவால் வந்தது. டூவா எங்கள் நாய். ஆறு வயது, சாம்பல் நிறம், சுருட்டிய வால். காட்டுக்குள் அவிழ்த்து விட்டால் எல்க்கைத் தேடிக் கண்டுபிடித்து, அது நகர முடியாதபடி முன்னால் நின்று மணிக்கணக்கில் குரைப்பாள். இவர்கள் பதுங்கிப் பதுங்கிப் போய்ச் சுட்டுவிட்டு, பிறகு தாங்களே கண்டுபிடித்த மாதிரி போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

ஜூலை நடுவில் டூவாவுக்குப் பருவம் வந்தது. மூன்று வாரம் அக்கம்பக்கத்து ஆண் நாய்களெல்லாம் எங்கள் வேலியோரம் தவம் கிடந்தன. ஆகஸ்ட் தொடக்கத்தில் எல்லாம் அடங்கியது. வேட்டைக்கு முன்னாலேயே முடிந்ததே என்று போர்யேவுக்கு ஏகக் குஷி. குட்டிதான் எடுக்கவில்லையே, அந்தக் கருப்பையை எடுத்துவிட்டால் என்ன என்று நான் எப்போதோ ஒரு முறை கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் அப்படிக் கேட்பது தேசத்துரோகம். "இயற்கையா இருக்கிறதை ஏன் வெட்டணும்?" என்பார்கள். நாயின் கழுத்தில் செயற்கைக்கோள் பட்டை, கையில் தொலைநோக்கி வைத்த துப்பாக்கி, உட்காரச் சூடேற்றும் மெத்தை, இவர்கள் பேசுகிறார்கள் இயற்கையைப் பற்றி.

ஆகஸ்ட் கடைசியில் டூவா தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். நாய் தண்ணீர் குடிக்காதா என்பீர்கள். கிண்ணத்தை நிரப்பிவிட்டு நான் திரும்புவதற்குள் அடி தெரியும். நாளைக்கு ஒரு கிண்ணம் குடித்தவள் நான்கு, ஐந்து என்று போனாள். சாப்பாட்டைப் பாதியில் விட்டாள். வாழ்நாளில் வீட்டுக்குள் ஒரு சொட்டு விட்டறியாதவள் நடைவழிக் கம்பளத்தில் ஒரு குளமே கட்டிவிட்டு, அவமானம் தாங்காமல் மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

போர்யேவிடம் சொன்னேன். அவன் டாக்டரைக் கூப்பிடவில்லை, சிக்ஸ்டனைக் கூப்பிட்டான். சிக்ஸ்டன் ஓய்வுபெற்ற குழாய் ரிப்பேர்காரர். நாய்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை, அவரே சொல்லியிருக்கிறார். வந்தார், காபி குடித்தார், இலவங்கப்பட்டை ரொட்டி மூன்றை உள்ளே தள்ளினார், டூவாவின் வாலைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்குடா. கருப்பையில கோளாறுன்னா சீழ் ஒழுகும், நாத்தம் குடலைப் புடுங்கும். இது வெறும் பொய்ச் சினை. காட்டுல ரெண்டு நாள் ஓடினா எல்லாம் சரியாப் போயிடும்."

"அப்ப தண்ணி?" என்றேன்.

"தீனி மாத்தினீங்கல்ல? உப்பு ஜாஸ்தி."

"டாக்டருக்கு ஒரு போன் போட்டா என்ன குறைஞ்சு போச்சு?"

போர்யே சலித்துக்கொண்டான். "டாக்டர் என்ன சொல்லும்? ஓய்வு குடுன்னு சொல்லும். வேட்டைக்கு இன்னும் ஏழு நாள்தான் இருக்கு குன்வோர். சும்மா கிடந்து பயமுறுத்தாத."

எனக்குச் சுருக்கென்றது. குழாய் ரிப்பேர்காரர் சொன்னால் வேதவாக்கு, வீட்டுக்காரி சொன்னால் பயமுறுத்தல். சரி மகாராஜா, இனி நானாக வாயைத் திறந்தால் ஏனென்று கேள், நீயாகப் பார்த்து, நீயாக வந்து "குன்வோர், நீ சொன்னதுதான் சரி" என்று சொல்லும்வரை ஒரு வார்த்தை கிடையாது என்று வைராக்கியம் பிடித்துக்கொண்டேன். கிண்ணத்தை நிரப்பினேன். கம்பளத்தைத் துவைத்தேன். அவன் பார்க்கட்டும் என்று நிறைந்த கிண்ணத்தை அவன் காலடியிலேயே வைத்தேன். அவன் அதைத் தாண்டிப் போய்த் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டான்.

வேட்டை நாள் வந்தது. எப்போதும் ஜீப் கதவு திறந்ததும் அம்பு மாதிரி பாய்கிறவளை அன்று போர்யே தூக்கி ஏற்றினான். "கிழவி ஆயிட்டாளா, சோம்பேறி ஆயிட்டாளா?" என்று அவளிடமே கொஞ்சலாகக் கேட்டான். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

டூவாவின் கழுத்துப் பட்டை அவள் எங்கே போகிறாள் என்பதை என் போனிலும் காட்டும். நிமிஷத்துக்கு எத்தனை தரம் குரைக்கிறாள் என்றுகூட எண்ணிச் சொல்லும். காலை எட்டரைக்கு அந்தச் சிவப்புப் புள்ளி சதுப்பைக் கடந்து ஓடையோரம் போய் நின்றது. நின்றது நின்றதுதான். குரைப்பு: பூஜ்யம்.

பத்து நிமிஷம் பார்த்தேன். எல்லா வைராக்கியமும் எங்கோ போய்விட்டது. போர்யேவுக்குப் போன் போட்டேன்.

"குன்வோர்!" என்று கிசுகிசுத்தான். குரலில் அப்படி ஒரு பக்திப் பரவசம். "மூச்சு விடாத. எல்க்கை நிறுத்திட்டா. பெரிய கொம்பனா இருக்கும். நாங்க சுத்தி வளைச்சுப் போயிட்டிருக்கோம்."

"யோவ், அவ குரைக்கவே இல்லையே!"

"காத்து அந்தப் பக்கம் அடிக்குது. மிஷின் எண்ணாம விட்டிருக்கும்."

"அவ ஓடைக்கரையில நிக்கிறா. தண்ணி குடிக்கப் போயிருக்கா, போர்யே!"

"எல்க்கும்தான் தண்ணி குடிக்கும்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஏழு ஆம்பிளைகள், ஏழு துப்பாக்கி, காற்றுக்கு எதிராகக் குனிந்து, ஈரப் பாசியில் வயிற்றால் தவழ்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, தாகமெடுத்த ஒரு நாயை முற்றுகையிடப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் காரை எடுத்தேன். மரம் வெட்டுகிற பாதை முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டுச் சதுப்பில் இறங்கினேன். முழங்கால்வரை சேறு. தப்பித்தவறி என்னைச் சுட்டுவிடக் கூடாதே என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே போனேன். "சுட்டுத் தொலைச்சிடாதீங்கடா! நான் எல்க் இல்ல!"

ஒரு மரத்துக்குப் பின்னாலிருந்து சிக்ஸ்டன் எழுந்தார். "நாசம் பண்ணிட்டியே! வருஷத்துக்கு ஒரே கொம்பன்!"

நான் நிற்கவில்லை. போர்யேவும் எழுந்து என் பின்னால் வந்தான், திட்டுவதற்குத்தான். ஓடையைப் பார்த்ததும் திட்டு வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

கொம்பனும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. டூவா கரையில் படுத்திருந்தாள், தாடை தண்ணீருக்குள் கிடந்தது. குடிக்கிற தெம்புகூட இல்லை. வயிறு உப்பியிருந்தது. எங்களைப் பார்த்து வாலை ஒரே ஒரு தரம் அசைத்தாள். போர்யே துப்பாக்கியைச் சேற்றில் போட்டான். முப்பத்தோரு வருஷத்தில் அவன் அதைத் தரையில் வைத்து நான் பார்த்ததில்லை.

"பொய்ச் சினைன்னா வயிறு கொஞ்சம் உப்பத்தான்..." என்று சிக்ஸ்டன் பின்னாலிருந்து ஆரம்பித்தார்.

"வாயை மூடு சிக்ஸ்டன்," என்றான் போர்யே. இருபத்தைந்து கிலோ நாயைத் தோளில் போட்டுக்கொண்டு சதுப்பைக் கடந்தான்.

ஒஸ்தர்சுந்த் நகரத்துக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். அங்கே டாக்டர் டோர்டிஸ், ஒல்லியான பெண், எங்களுக்கு மகளாக இருக்க வேண்டிய வயசு. ஸ்கேன் செய்து திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். வயிறு முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பெரிய குழாய்கள்.

"இது அத்தனையும் சீழ். பருவம் முடிஞ்சு ரெண்டு மாசத்துக்குள்ளதான் இது வரும். அப்ப கருப்பை தொற்றுக்குத் தோதா இருக்கும், கிருமி உள்ள ஏறிடும். கருப்பை வாய் திறந்திருந்தா சீழ் வெளிய ஒழுகும், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். இவளுக்கு மூடிக்கிச்சு. ஒண்ணும் ஒழுகாம சுத்தமா இருக்கிறதுதான் ரொம்ப ஆபத்து. விஷம் ரத்தத்துல கலக்குது, சிறுநீரகம் தடுமாறுது, அதான் அவ்வளவு தண்ணி. எத்தனை நாளா குடிக்கிறா?"

"பத்து நாள்," என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். போர்யே திரும்பி என்னைப் பார்த்தான்.

"மருந்துல சரி பண்ண முடியாதா?" என்று அவன் கேட்டான். "வர்ற வசந்தத்துல குட்டி எடுக்கலாம்னு..."

"குட்டி வேணுமா, நாய் வேணுமா?" என்றாள் டோர்டிஸ். "மருந்துக்குக் காத்திருக்க இவகிட்ட நேரம் இல்ல. நரம்புல தண்ணி ஏத்திட்டு உடனே கருப்பையை எடுக்கணும். பிழைப்பாளான்னு இப்ப சொல்ல முடியாது."

"எடுங்க. இவ இருந்தா போதும்," என்றான் போர்யே. படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்தைப் போட்டான்.

காத்திருந்த இரண்டரை மணி நேரமும் அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. பத்து நாளும் கார் சாவி என் பையில்தான் இருந்தது, டாக்டர் நம்பர் என் போனில்தான் இருந்தது, எவனுடைய அனுமதியும் எனக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் இது எனக்கு உறைத்தது.

டோர்டிஸ் வெளியே வந்தபோது அவள் சட்டையெல்லாம் ஈரம். "பிழைச்சுட்டா. ரெண்டு நாள் இங்கேயே இருக்கணும், சிறுநீரகத்தைப் பாத்துட்டே இருக்கணும். எடுத்த கருப்பை மட்டும் மூணு கிலோ. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா உள்ளயே வெடிச்சிருக்கும்."

போர்யே சுவரில் சாய்ந்து தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்.

டோர்டிஸுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. "பத்து நாள்! ஒரு நாய் அஞ்சு கிண்ணம் குடிக்குதுன்னா, கிண்ணத்தை நிரப்புறவங்களுக்குக்கூடத் தெரியாதா? வீட்ல யாரு நிரப்புறது?"

முப்பத்தோரு வருஷத்தில் எங்கள் வீட்டு நாய்க் கிண்ணம் எந்தக் குழாயடியில் நிரம்புகிறது என்றே போர்யேவுக்குத் தெரியாது. அவன் முகத்திலிருந்து தொப்பியை எடுத்தான். என்னைப் பார்க்கவே இல்லை.

"நான்தான்," என்றான்.

அவள் அவனைத் திட்டினாள். நன்றாகவே திட்டினாள், உங்களைப் போன்றவர்களுக்கு நாய் எதற்கு என்றுகூடக் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்றான். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், அப்போதும் வாயைத் திறக்கவில்லை.